பழைய வாகனத்துக்குச் சொக் அப்சோபர் தெரிவு செய்வது எப்படி?

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் சிலவற்றிடம் பழைய வாகனம் ஒன்று இருக்கின்றது. தகப்பன் காலத்து மொறிஸ் மைனரையோ ஒஸ்டின் ஏ40 ஐயோ இன்னும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பழைய டொயோட்டா வான் ஒன்றை வாங்கி வைத்திருப்பதும் உண்டு. இவை உல்லாசத்துக்கான வாகனங்கள் அல்ல. ஊரிலுள்ள காணியைப் பார்த்து வருவதற்கும், மரக்கறி மூட்டையைச் சந்தையில் இறக்குவதற்கும், நடுச்சாமத்தில் கர்ப்பிணி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்கும் இவையே உதவுகின்றன.

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும் புதிய வாகனம் எமது கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருக்கின்ற பழைய வாகனத்தையே இன்னும் பல ஆண்டுகளுக்குப் பாவிக்க வேண்டியுள்ளது. அந்த வாகனம் ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போடுமானால் முதுகு நோவுள்ள முதியவரும் நோயாளியும் படும் பாடு கொஞ்சமல்ல.

வாகனம் தூக்கிப் போடத் தொடங்கியவுடன் நாம் செய்வது என்ன? "சொக் போய்விட்டது" என்று முடிவு கட்டுகின்றோம். பணத்தைத் திரட்டிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறுகின்றோம். கடைக்காரர் காட்டுகின்றவற்றில் விலை கூடியதுதான் நல்லது என்று எண்ணி வாங்கி வருகின்றோம். பூட்டி ஓடிப் பார்த்தால் சில வேளைகளில் வாகனம் முன்னரைவிடக் கடினமாக அடிக்கின்றது. எதை வாங்குவது, எதை விடுவது என்பதை அறிந்துகொண்டால் இந்த வீண் செலவைத் தவிர்க்கலாம்.

சொக் அப்சோபர் செய்யும் வேலை

வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது சொக் அப்சோபர் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியல்ல. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் விழும் அடியை முதலில் வாங்கிக்கொள்வனவும் டயரும் ஸ்பிரிங்குமே.

ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கி விட்டால் அது எழும்பும். எழும்பியது மீண்டும் தாழும். ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டால் அது தானாக ஆடிக்கொண்டே இருப்பதைப் போன்றது இது. ஆடுகின்ற ஊஞ்சலை ஒரு கை பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் கைதான் சொக் அப்சோபர்.

அது எப்படி நிறுத்துகின்றது? அதன் உள்ளே எண்ணெய் இருக்கின்றது. சிறு துளைகளும் வால்வுகளும் உள்ள பிஸ்டன் ஒன்று அந்த எண்ணெய்க்குள் மேலும் கீழும் போய்வருகின்றது. எண்ணெய் அத்துளைகளுக்குள்ளால் நெருங்கிப் போக வேண்டியிருப்பதால் ஆட்டம் அடங்குகின்றது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியேறுகின்றது. கரடுமுரடான வீதியில் ஓடி வந்த பின் சொக்கைத் தொட்டால் சுடுவது இதனாலேயே.

சேற்று வயலில் காலை மெதுவாக இழுத்தால் கால் வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் சேறு பிடித்துக்கொள்ளும். சொக் அப்சோபரும் அப்படித்தான். மெல்லிய அசைவுக்கு இடம் கொடுக்கும். வேகமான அசைவைத் தடுக்கும். இந்தத் தடை ஸ்பிரிங்கின் பலத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். தடை குறைந்தால் வாகனம் படகு போல ஆடும். கூடினால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்ய முடியாமல் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும்.

எனவே சுகமான ஓட்டத்தைத் தருவது ஆகக் கடினமான சொக்கும் அல்ல, ஆக மிருதுவான சொக்கும் அல்ல. எமது வாகனத்தின் ஸ்பிரிங்குக்குப் பொருத்தமானதே நல்ல சொக்.

சுகத்தைவிட முக்கியமான விடயம் ஒன்றும் இதில் உண்டு. தேய்ந்த சொக் உள்ள வாகனத்தின் சில்லு, குழி விழுந்த வீதியில் நிலத்தை விட்டுத் துள்ளும். நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிரேக் பிடித்துப் பயனில்லை. மாட்டுக்கோ சைக்கிளில் வரும் பிள்ளைக்கோ பிரேக் அடிக்கும்போது வாகனம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

பழுது சொக்கில்தானா?

கடைக்குப் போகுமுன் காசு செலவில்லாமல் வீட்டு முற்றத்திலேயே சில பரிசோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது, டயரின் காற்று. பாரம் ஏற்றுவதற்காகக் கூடுதலாகக் காற்று அடித்துவிட்டு, பின்னர் குறைக்காமலே ஓடுபவர்கள் பலர். காற்றுக் கூடிய டயர் கல்லைப் போல அடிக்கும். ஜப்பான் வாகனங்களில் சாரதியின் கதவுப் பக்கத்தில் காற்றின் அளவு எழுதிய சிறு தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் 2.0 என்றிருந்தால், காற்றடிக்கும் கடைக்காரரின் கணக்கில் அது ஏறக்குறைய 28 இறாத்தல். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

இரண்டாவது, அமுக்கிப் பார்த்தல். வாகனத்தின் ஒரு மூலையில் இரு கைகளையும் வைத்து இரண்டு மூன்று முறை நன்றாக அமுக்கி, தாழ்ந்திருக்கும்போது கையை எடுங்கள். எழும்பி ஒரு ஆட்டத்தோடு அடங்கினால் சொக் பெரும்பாலும் வேலை செய்கின்றது. பல முறை ஆடினால் அது தேய்ந்துவிட்டது. நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி தேய்ந்த சொக் இந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும். ஆகையால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது, எண்ணெய்க் கசிவு. சொக்கின் மேற்பகுதியில் மெல்லிய ஈரத்தோடு தூசி படிந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து உடம்பு முழுவதும் நனைந்திருந்தால் அந்தச் சொக்கை மாற்ற வேண்டும்.

நான்காவது, டயரின் தேய்வு. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் சில்லு துள்ளி ஓடியிருக்கின்றது என்று பொருள். சொக் தேய்ந்ததற்கு இது ஓர் அடையாளம். சில்லின் சமநிலை பிழைத்தாலும் இப்படித் தேயலாம் என்பதால் அதையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, சத்தம். குழியில் இறங்கும்போது "டக், டக்" என்று கேட்டால் அது பெரும்பாலும் சொக்கின் உட்பகுதி அல்ல. சொக்கின் இரு முனைகளிலும் உள்ள றப்பர் புஷ், ஸ்பிரிங் புஷ், முன் சில்லின் போல் ஜொயின்ட் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கலாம். புஷ் மலிவானது. அதை மாற்றாமல் சொக்கை மட்டும் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும்.

ஆறாவது, வாகனம் நிற்கும் உயரம். ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் பழுது ஸ்பிரிங்கில். சாதாரண சொக் எதுவும் தாழ்ந்த வாகனத்தை நிமிர்த்தாது. தகட்டு ஸ்பிரிங்கில் தகடு ஒன்று உடைந்திருக்கின்றதா, தகடுகள் துருவேறி ஒட்டிக்கொண்டனவா என்று பாருங்கள். ஒட்டிய தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க முடியாமல் ஒரே கட்டையாக அடிக்கும்.

எமது வாகனத்தில் எந்த வகை?

பழைய வாகனங்களில் மூன்று வகைகளைக் காண்கின்றோம்.

முதலாவது, கை வைத்த பழைய வகை. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொறிஸ் மைனரிலும், ஒஸ்டின் ஏ40 போன்றவற்றிலும் இது உண்டு. வடக்கிற்குப் பெற்றோல் போகாதிருந்த 1990களில் மண்ணெண்ணெயில் ஓடிப் பெயரெடுத்தவை இக்கார்கள்தான். இவற்றின் சொக், உலோகப் பெட்டி போன்ற உடம்பும் அதிலிருந்து நீளும் ஒரு கையும் கொண்டது. மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் அந்தக் கையே சில்லைப் பிடித்திருக்கும் மேற்கையாகவும் வேலை செய்கின்றது. ஆகவே அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்ட முடியாது. நீளமான புதுவகைச் சொக்கை மேலதிகமாகப் பூட்டினாலும் பழைய கை அதன் இடத்தில் இருக்கவே வேண்டும்.

இந்த வகையில் எண்ணெய் குறைந்ததனாலேயே ஆட்டம் கூடுவதுண்டு. மேலேயுள்ள மூடியைச் சுற்றிலும் மண் இல்லாமல் துடைத்துத் திறந்து, சொக்குக்குரிய எண்ணெயை விட்டுப் பார்க்கலாம். பிரேக் எண்ணெயை ஒருபோதும் விடக் கூடாது. கனத்த எஞ்சின் ஒயிலும் உகந்ததல்ல. கையின் அச்சு ஆடினாலோ எண்ணெய் ஒழுகினாலோ பழக்கமுள்ள கராஜில் அச்சுக்குப் புது புஷ்ஷும் சீலும் போடுவிக்க வேண்டும்.

இரண்டாவது, குழாய் வடிவச் சொக். வான்களின் முன்னும் பின்னும், பல கார்களின் பின்பக்கத்திலும் தனியாக நிற்பது இது. மேலே ஒரு நட், கீழே ஒரு போல்ட். மாற்றுவது இலகு.

மூன்றாவது, ஸ்பிரிங்கும் சொக்கும் ஒன்றாக நிற்கும் ஸ்ட்ரட். டொயோட்டா கொரோலா, நிசான் சன்னி போன்றவற்றின் முன்பக்கத்தில் இதைக் காணலாம். பழைய மொடல்கள் சிலவற்றில் வெளிக்குழாயை வைத்துக்கொண்டு உள்ளேயுள்ள சொக்கை மட்டும் மாற்றலாம். அப்படி மாற்றக்கூடியதா என்று முதலில் கேளுங்கள், செலவு குறையும்.

ஒயிலா, காஸா?

கடைக்காரர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று இது. இரண்டிலும் எண்ணெய் உண்டு. காஸ் வகையில் எண்ணெயோடு நைதரசன் வாயுவும் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும்.

அலையலையாகக் கிடக்கும் கிரவல் வீதியில் நெடுந்தூரம் ஓடும்போது ஒயில் சொக்கின் உள்ளே எண்ணெய் காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் துளைகளுக்குள்ளால் இலகுவாகப் போய்விடும், தடை குறையும். வாயுவின் அழுத்தம் இந்த நுரையைத் தடுக்கின்றது. அதேவேளை அவ்வழுத்தம் சொக்கைச் சற்று விறைப்பாக்கவும் செய்கின்றது.

காஸ் வகையிலும் இரண்டு உண்டு. குறைந்த அழுத்தமுள்ளது, குழாய்க்குள் குழாய் வைத்துச் செய்யப்பட்டது. கூடிய அழுத்தமுள்ளது ஒற்றைக் குழாய் வகை. 1950களில் பிரான்சைச் சேர்ந்த டி காபோன் என்பவர் உருவாக்கிய முறை இது. வேகமாக ஓடுவோருக்கு இது நல்லது. சுகம் தேடும் பழைய காருக்கு இது பெரும்பாலும் கடினமாகவே இருக்கும்.

எனவே எமது ஆலோசனை இது. ஊருக்குள் மெதுவாக ஓடும் குடும்பக் காருக்கு நல்ல தரமான ஒயில் சொக் போதும். ஏ9 வீதியில் நெடுந்தூரம் ஓடி, பின் கிரவல் வீதியில் இறங்கும் வாகனத்துக்குக் குறைந்த அழுத்தக் காஸ் சொக் பொருந்தும். "ஹெவி டியூட்டி" என்று விற்பது எப்போதும் பாரத்தோடு ஓடும் வாகனத்துக்கானது. வெறுமையாகவோ இரண்டு மூன்று பேரோடோ ஓடினால் அது முதுகை அடிக்கும். பாரம் ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூட்டியிருந்தால் அதை மெக்கானிக்கிடம் மறவாமல் சொல்லுங்கள். பலமான ஸ்பிரிங்கைச் சாதாரண சொக் அடக்காது.

பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு வரும் எம்மவர்களில் சிலர் அதே பயணத்தில் உதிரிப்பாகமும் வாங்கிச் செல்வர். கொச்சிக்கடையிலிருந்து ஆமர் வீதிச் சந்திக்கு வந்து அப்பால் போனால் பஞ்சிகாவத்தை. இலங்கையில் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன இடம் அது. புதியனவும் பழையனவும் அங்கு கிடைக்கும். ஞாயிறு, போயா நாட்களில் பல கடைகள் பூட்டியிருக்கும். ஆகையால் நாளைப் பார்த்துப் புறப்படுங்கள்.

கையில் கொண்டு போக வேண்டியவை மூன்று. ஒன்று, வாகனப் பதிவுச் சான்றின் பிரதி. அதில் செசி இலக்கமும் மொடலும் இருக்கும். இரண்டு, கழற்றிய பழைய சொக். கழற்ற முடியாவிட்டால் அதில் அடித்திருக்கும் இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, பழைய சொக்கை முழுதாக மூடியும் முழுதாக இழுத்தும் எடுத்த இரண்டு நீள அளவுகள். நீளம் பிழைத்தால் புதிய சொக் சில வாரங்களில் உடைந்துவிடும். நீளமானது குழியில் இடிக்கும். கட்டையானது சில்லு தொங்கும்போது இழுபட்டு அறும்.

கடையில் கேட்கும் பெயர்கள் சிலவற்றை அறிந்திருத்தல் நல்லது. கயாபா என்றும் கேவைபீ என்றும் சொல்வது ஒரே ஜப்பான் கம்பனியைத்தான். டொகிக்கோவும் ஜப்பானுடையதே, 2004 இல் அது ஹிட்டாச்சியோடு இணைந்தது. ஆகவே இன்று பெட்டியில் வேறு பெயர் இருந்தால் திகைக்க வேண்டாம். மொன்றோ அமெரிக்காவில் தோன்றிய பெயர். எந்தப் பெயராயினும் பெட்டியிலுள்ள இலக்கமும் சொக்கின் உடம்பிலுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துகள் மங்கியிருந்தாலும், தண்டின் மினுக்கத்தில் கீறல் இருந்தாலும் வாங்க வேண்டாம். பெயர் பெற்ற பொருளுக்குப் போலியும் உண்டு. பற்றுச்சீட்டில் இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

கையாலும் சோதிக்கலாம். ஒயில் சொக்கை நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து முறை முழுதாக இழுத்து முழுதாக அமுக்குங்கள். இரு பக்கமும் ஒரே சீராகத் தடுக்க வேண்டும். இழுக்கும்போது தடை கூடுதலாக இருப்பது வழமை. இடையில் ஓரிடத்தில் தடையே இல்லாமல் விழுந்தால் உள்ளே பழுது அல்லது காற்று. பல முறை இழுத்து அமுக்கியும் சரிவராவிட்டால் விட்டுவிடுங்கள். காஸ் சொக் அமுக்கியதும் தானாக மெல்ல எழும்ப வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சொக் மலிவாகக் கிடைக்கும். வெளியே மினுமினுக்கும் வர்ணம் உள்ளே தேய்ந்த வால்வைக் காட்டாது. பணம் மிகக் குறைவாக இருந்து அதைத்தான் வாங்க வேண்டுமென்றால், ஒரே வாகனத்திலிருந்து கழற்றிய சோடியாக வாங்குங்கள். மேற்சொன்னபடி கையால் சோதியுங்கள். மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். உடம்பை வெட்டி எண்ணெய் விட்டு ஒட்டியதை வாங்க வேண்டாம். கசிந்தவற்றையும் அவ்வாறு வெட்டி ஒட்டக் கொடுக்காதீர்கள். காஸ் சொக்கை வெட்டுவதும் சூடாக்குவதும் உயிராபத்து.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. எப்போதும் சோடியாக மாற்றுங்கள். முன்னுக்கு இரண்டும், அல்லது பின்னுக்கு இரண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுக்கும்.

2. பூட்டுமுன் ஒயில் சொக்கை நிமிர்த்தி வைத்துச் சில முறை இழுத்து அமுக்கிக் காற்றைப் போக்குங்கள்.

3. தண்டைக் குறட்டால் பிடிக்க விடாதீர்கள். தலைமயிரளவு கீறலும் சீலை அறுக்கும். புதிய சொக் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. றப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வாகனம் சில்லில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். ஜக்கில் தூக்கி வைத்து இறுக்கினால் இறக்கியதும் றப்பர் முறுகி விரைவில் கிழியும்.

5. ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்ற வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டிய பின் சில்லின் நேர்த்தியையும் பார்ப்பிக்க வேண்டும்.

6. நூறு இருநூறு கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை ஒரு முறை சரிபார்ப்பியுங்கள்.

பணம் போதாவிட்டால்

எல்லாவற்றையும் ஒரே முறையில் செய்ய எம்மில் பலருக்கு முடியாது. ஆகவே வரிசையாகச் செய்யலாம். முதலில் டயர்க் காற்று, இதற்குச் செலவில்லை. அடுத்து றப்பர் புஷ்கள். பின்னர் நான்கு மூலைகளிலும் ஆகப் பழுதான சோடி. அடுத்த அறுவடைக் காசில் மற்றச் சோடி. ஒரு சோடியையும் வாங்கப் பணமில்லாத வேளையில் பாரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளியைக் கூட்டுங்கள். நோயாளியை முன் ஆசனத்தில் அல்லது முன் பின் சில்லுகளுக்கு நடுவேயுள்ள ஆசனத்தில் இருத்துங்கள். பின் சில்லுக்கு மேலுள்ள ஆசனத்தில்தான் ஆட்டம் ஆகக் கூட.

கொழும்புக்குப் போகுமுன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் வாகனத்தைக் காட்டி, மேற்சொன்ன ஆறு பரிசோதனைகளையும் அவரோடு சேர்ந்து செய்யுங்கள். என்ன மாற்ற வேண்டும், எந்த வகை, எந்த இலக்கம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கடைக்குள் நுழைபவருக்கு வேண்டாத பொருளைத் தலையில் கட்டுவது இலகுவல்ல. மிச்சப்படும் பணம் விதைநெல்லுக்கு உதவும்.